மதுரை தங்கம் தியேட்டர்: இருக்கை எண்ணிக்கை தெரியும், கட்டடம் தெரியுமா?

கூடல்வாசி

மதுரையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வழியாக இன்று நடந்து போகும் இளையவர்கள் பலருக்கு, பல மாடி ஜவுளிக்கடை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் தங்கம் தியேட்டர் இருந்தது என்பதே தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டால் மூன்று செய்திகளைச் சொல்வார்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தார்கள்; 2,563 இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரியது. அதற்கு மேல் பேச்சு கட்டடத்தை விட்டு விலகி, அங்கே ஓடிய படங்களுக்கும் நடிகர்களுக்கும் போய்விடும். படங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் படங்களைத் தாங்கி நின்ற சுவர்களைப் பற்றி எழுத யாருமில்லை.

1990களில் காட்சிகள் நின்று, பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிக்கப்பட்ட அந்த அரங்கத்தைப் பற்றி எனக்கு வேண்டியது வேறு வகையான தகவல். இத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்க எப்படிப்பட்ட கட்டடம் தேவைப்பட்டது? கூட்டம் எப்படி உள்ளே போனது, எப்படி வெளியே வந்தது? குளிரூட்டும் வசதி அபூர்வமாக இருந்த காலத்தில் காற்று எங்கிருந்து வந்தது? கடைசி வரிசையில் இருந்தவருக்கு வசனம் எப்படிக் கேட்டது? கட்டடத் துறையிலும் தியேட்டர் தொழிலிலும் இருந்தவர்கள் இந்தக் குழுவில் உண்டு என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ரசிகர் மன்றக் கதைகளைத் தயவுசெய்து இங்கே கொண்டு வர வேண்டாம்.

மாடக்குளத்தான்

ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் எங்கள் ஊரில் இருந்தது என்பதே போதுமான வரலாறு, ஐயா. அதற்கு மேல் என்ன ஆராய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கூடல்வாசி

அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. சிறு வயதில் நானும் அதைச் சொல்லி வளர்ந்தவன்தான். ஆனால் 'பெரியது' என்ற சொல் ஒரு கட்டடத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. அளவு என்று பார்த்தால், நியூயார்க்கில் 1927இல் திறக்கப்பட்ட ராக்ஸி தியேட்டருக்கு 5,920 இருக்கைகள். பாரிஸின் கோமோன் பேலஸ் ஏறத்தாழ ஆறாயிரம் பேரைக் கொண்டது. ராக்ஸியை 1960இலும் கோமோன் பேலஸை 1973இலும் இடித்துவிட்டார்கள். ஆனால் ராக்ஸியின் முகப்பு மண்டபம் எப்படி இருந்தது, மேடைக்கு இருபுறமும் என்ன இருந்தது என்பதை இன்றும் வரைபடத்தோடு பார்க்க முடிகிறது. நம்மிடம் 2,563 என்ற எண் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த எண்ணிலிருந்தே கட்டடத்தை நோக்கிப் போக முடியுமா என்பதுதான் என் கேள்வி.

கல்லும் சுண்ணாம்பும்

நான் கட்டடப் பொறியாளன். கூடல்வாசி ஐயாவின் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லலாம். கீழே வருபவை தங்கம் தியேட்டரின் அளவுகள் அல்ல. அந்த எண்ணிக்கைக்கு எந்தக் கட்டடமும் கொடுத்தே தீர வேண்டிய விலை என்று படியுங்கள்.

ஒரு இருக்கைக்கு அகலம் 20 அங்குலம், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 34 அங்குலம் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 4.7 சதுர அடி ஆகிறது. 2,563 பேருக்கு 12,000 சதுர அடிக்குச் சற்று மேல். நடைபாதைகளுக்கும் வாசல் முன்பகுதிகளுக்கும் கால் பங்கு சேர்த்தால் 15,000 சதுர அடி. இதை ஒரே தளத்தில் 80 அடி அகலமுள்ள கூடமாகக் கட்டினால், திரையிலிருந்து பின்சுவர் 185 அடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். அங்கே உட்கார்ந்தவருக்கு நடிகரின் முகம் கட்டைவிரல் நகமளவுதான் தெரியும். மூன்றில் ஒரு பங்கு மக்களைப் பால்கனிக்கு ஏற்றிவிட்டால் கூடத்தின் நீளம் 125 அடியாகக் குறைகிறது. பால்கனி என்பது வசதியானவர்களுக்கான ஆடம்பரம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரிய அரங்குகளில் அது கடைசி வரிசையைத் திரைக்கு அருகே இழுத்து வருவதற்கான ஏற்பாடு.

பால்கனி வந்ததும் அதற்கேயுரிய சிக்கல் வருகிறது. கீழே தூண் நட்டால் தூணுக்குப் பின்னால் இருப்பவன் படம் பார்க்க முடியாது. ஆகவே பக்கச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்குப் பெரிய உத்தரம் ஒன்றைப் போட்டு, அதிலிருந்து பால்கனியின் முன்பகுதியைத் தாங்குதூண் இல்லாமல் நீட்ட வேண்டும். 1950களின் தொடக்கத்தில் இரும்பும் சிமெண்டும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த பொருள்கள். அந்தச் சூழலில் இவ்வளவு பெரிய விரிவுக்கு உத்தரம் போடத் துணிந்தவர்களின் மன உறுதியை ஒரு பொறியாளனாக நான் மதிக்கிறேன்.

அடுத்தது வெளியேறும் வழி. சுமார் 21 அங்குல அகலத்தில், அதாவது ஓர் ஆள் தோளகலத்தில், ஒரு நிமிடத்துக்கு நாற்பது பேர் கடக்கலாம் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. 2,563 பேரை மூன்று நிமிடத்தில் வெளியேற்ற வேண்டுமானால் அப்படிப்பட்ட தோளகலங்கள் 21க்குச் சற்று மேல் வேண்டும். அதாவது மொத்தம் சுமார் 37 அடி வாசல், ஐந்தடிக் கதவாக வைத்தால் எட்டு. பால்கனிக்காரர்கள் படியிறங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். பழைய தியேட்டர்களின் பக்கச் சுவர்களில் வரிசையாகக் கதவுகள் இருந்ததும், அந்தக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறந்ததும் இந்தக் கணக்கினால்தான்.

மேட்னி முடிந்து இத்தனை பேர் வெளியே வரும்போது மாலைக் காட்சிக்கு இன்னொரு 2,563 பேர் காத்திருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நிற்கும் ஆளுக்கு நான்கு சதுர அடி என்றாலும் பத்தாயிரம் சதுர அடித் திடல் தேவை. ஆகவே ஒரு தியேட்டரின் கட்டடக் கலையை அதன் முகப்பிலிருந்து தொடங்குவது தவறு. தெருவிலிருந்து வாசல் வரை உள்ள வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வைகைக்கரை

பொறியாளர் சாரின் கணக்கோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். நாளுக்கு மூன்று காட்சி அரங்கம் நிறைந்தால் 7,689 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊர் முழுவதும் ஆளுக்கு ஒரு முறை பார்த்தாலும் நாற்பத்தேழு நாளில் முடிந்துவிடும். எனவே இந்த அரங்கம் மதுரை நகரத்துக்காக மட்டும் கட்டப்பட்டதாக இருக்க முடியாது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்து, படம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் சேர்ந்தால்தான் இது நிறையும். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இடம் தேர்ந்தெடுத்ததன் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆர்க் வெளிச்சம்

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தவன். தங்கத்தில் வேலை பார்த்ததில்லை. தென்மாவட்டத்தில் வேறு அரங்குகளில் இருந்தேன். ஒலியைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். படம் ஒரு நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்) ஓடும். ஆகவே 47 அடி தாண்டுவதற்குள் ஒரு சட்டகம் கடந்துவிடுகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து 140 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு உதடு அசைந்து மூன்று சட்டகம் கழித்துத்தான் குரல் வந்து சேரும். முன்வரிசைக்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வைப்பது இயலாத காரியம்.

35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டகத்துக்குரிய ஒலி அதற்கு நேராக இருக்காது. சுமார் இருபது சட்டகம் முன்னதாகப் பதிவாகியிருக்கும். படம், விளக்கொளி படும் ஒளிவாசலில் நின்று நின்று நகர வேண்டும், ஒலிப்பகுதியிலோ துளியும் தயங்காமல் சீராக ஓட வேண்டும். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே பிலிமை ஒரு வளையமாகத் தளர்த்தி விடுவோம். அந்த வளையத்தை ஒரு சட்டகம் சிறிதாக்கினால் ஒலி ஒரு சட்டகம் முந்தி வரும். பெரிய அரங்கில் அனுபவமுள்ள ஆபரேட்டர் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஓர் இடத்தை மனத்தில் வைத்து அந்த வளையத்தைக் கட்டுவார். கட்டடத்தின் நீளத்தை எங்கள் விரல் நுனி அறிந்திருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். திரை இரண்டு மடங்கு பரப்பானால் வெளிச்சமும் இரண்டு மடங்கு வேண்டும். அந்நாளில் வெளிச்சம் கார்பன் குச்சிகளிலிருந்து வந்தது. செம்பு முலாம் பூசிய இரண்டு குச்சிகளை நேருக்கு நேர் நிறுத்தி, முனைகளைத் தொடவிட்டுப் பிரித்தால், இடையில் கண்ணைப் பறிக்கும் ஒளி எழும். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். ஒளி மஞ்சளாகும், பிறகு துடிக்கும். நிறக்கண்ணாடி வழியாக அந்த முனையைப் பார்த்தபடி திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உருகிய செம்பு சொட்டுச் சொட்டாக விளக்குப் பெட்டியின் அடியில் விழுந்து சிறு மணிகளாக உறைந்திருக்கும். காலையில் பெட்டியைத் துடைக்கும்போது வெண்சாம்பலோடு அவற்றையும் அள்ளுவோம். இந்தப் புகை வெளியேறத்தான் கேபினுக்கு, அதாவது புரொஜெக்டர் அறைக்கு, மேல் புகைபோக்கி இருந்தது. பழைய தியேட்டர் ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், கூரையில் நிற்கும் அந்தத் தகரக் குழாயை வைத்தே உள்ளே கேபின் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

கேபினுக்குப் பல இடங்களில் வெளிப்புறமாகத் தனிப்படி இருந்ததும் காரணத்தோடுதான். 1950களின் தொடக்கம் வரை வந்த பிலிம்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் வகை. பற்றிக்கொண்டால் தண்ணீராலும் அணையாது. ஆகவே கேபின் தனியறையாக, தடித்த சுவரோடு, அரங்கத்துக்குள் வாசல் இல்லாமல் இருக்க வேண்டும். படம் போகும் துளைகளுக்கு இரும்பு மூடிகள் இருக்கும். தீப்பட்டால் உருகிவிடும் ஈய இணைப்பில் அவற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். தீ என்றால் மூடி தானே விழுந்து துளையை அடைத்துவிடும், அரங்கத்தில் இருப்பவர்கள் தப்பிப்பார்கள். கேபினுக்குள் இருப்பவன் வெளிப்படி வழியாகத் தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். திரையரங்குகளுக்கு உரிமம் வேண்டும் என்று 1918இலேயே இந்தியாவில் சட்டம் வந்ததற்கு இந்தத் தீ அச்சம் ஒரு பெரிய காரணம்.

வடக்காவணி மூலவீதி

ஆபரேட்டர் ஐயா எழுதியதைப் படித்து என் அண்ணனுக்கும் அனுப்பினேன். நான் வேறொரு வாசலைப் பற்றிப் பேச வருகிறேன்.

எங்கள் காலத்துத் தமிழகத் திரையரங்குகள் பலவற்றில் பெண்களுக்குத் தனி டிக்கெட் கவுண்டர், தனி வழி, உள்ளே தனிப் பகுதி. நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவுடனும் சித்தியுடனும் போன ஓர் அரங்கில், தரைப் பகுதியின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று ஓடியது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆண்கள். இடைவேளையில் அப்பா சுவரின் மேலாகக் கடலைப் பொட்டலத்தை நீட்டுவார். டிக்கெட் வாங்கும் இடத்தில், ஆள் உயரத்துக்குச் சுவரெழுப்பி மேலே கம்பி அடைத்த ஒடுக்கமான சந்து ஒன்று இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அதன் முடிவில், கை மட்டும் நுழையும் துளை. பணத்தை மூடிய கையோடு உள்ளே விட்டால், டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவார்கள். கொடுப்பவரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பெண்கள் வரிசை சிறியது என்பதால், வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத அக்காவிடம் "எனக்கும் ரெண்டு எடுத்துக் குடுங்கக்கா" என்று பையன்கள் கெஞ்சுவது வழக்கம்.

தமிழர் எல்லோரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்வு ஒன்றைப் பார்த்த இடம் திரையரங்கம்தான், அங்கே பிறப்பல்ல, கொடுக்க முடிந்த காசுதான் இருக்கையைத் தீர்மானித்தது என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக் காட்டியிருக்கிறார். அது உண்மை. கோயிலிலும் ஊர்க்கூத்திலும் கிடைக்காத ஓர் உரிமை அங்கே கிடைத்தது. ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் அந்த உரிமையின் எல்லையும் தெரிகிறது. கூரை ஒன்றுதான், வாசல்கள் வேறு வேறு. தரை டிக்கெட் வாங்கியவர் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து திரைக்கு அருகிலுள்ள கதவில் நுழைவார். பால்கனிக்காரர் முகப்பின் அகலப் படியில் ஏறுவார். படம் முடியும் வரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வழிகளைப் பிரித்திருந்தார்கள். தங்கம் போன்ற ஓர் அரங்கத்தின் வரைபடம் கிடைத்தால் நான் முதலில் தேடுவது முகப்பு அலங்காரத்தை அல்ல, எந்த வகுப்புக்கு எத்தனை அடி வாசல் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

கல்லும் சுண்ணாம்பும்

அம்மா எழுதியது என் கணக்கில் நான் தவறவிட்ட இடம். மொத்த வாசல் அகலம் 37 அடி என்று எழுதினேன். அதை யாருக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மிக்க நன்றி.

திறக்கப்பட்ட ஆண்டைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். 1952 என்பது திரையரங்கக் கட்டடங்களுக்கு மிகவும் இக்கட்டான காலம். அதுவரை திரையின் வடிவம் ஏறத்தாழ சதுரத்தை ஒட்டியது; உயரம் 20 அடி என்றால் அகலம் 27 அடி. அந்த அளவுக்கு ஏற்பத்தான் திரையைச் சுற்றியுள்ள மேடை வளைவையும் பக்கச் சுவர்களையும் அமைப்பார்கள். மறு ஆண்டே, 1953இல், அமெரிக்காவில் சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரை முறை வந்துவிட்டது. அதே 20 அடி உயரத்துக்கு அகலம் 47 அடி வேண்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வந்தது. பிறகு அந்த வடிவமே பொதுவழக்கமாகிவிட்டது. குறுகலான மேடை வளைவோடு கட்டிய அரங்குகளுக்கு இரண்டே வழிகள். வளைவை உடைத்துத் திரையை அகலப்படுத்த வேண்டும், அல்லது அகலத்துக்கு ஏற்றபடி படத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவதைச் செய்த அரங்குகளில் திரைக்கு மேலும் கீழும் கறுப்புத் துணி தொங்கும். அகன்ற திரைக்குப் போன பிறகும் படம் சிறிதாகிவிட்டதே என்று மக்கள் வியந்த அரங்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்து முறை எளியது. உயரமான கூரை, சுவரின் மேற்பகுதியில் சூடான காற்றை வெளியே தள்ளும் விசிறிகள், கீழே பக்கவாட்டுக் கதவுகள், அந்தக் கதவுகளுக்கு வெளியே நீண்ட வராண்டா. மாலை வெயில் நேரே அரங்கச் சுவரில் படாமல் அந்த வராண்டா தடுக்கும், இடைவேளையில் கூட்டத்தைத் தாங்கும், மழையில் காப்பாற்றும். ஒரே வராண்டா மூன்று வேலை செய்தது. பிற்காலத்தில் குளிரூட்டும் இயந்திரம் வைப்பதற்காக இந்தக் கதவுகளையும் மேல்துளைகளையும் அடைத்த அரங்குகளில், மின்சாரம் போனால் பத்து நிமிடம் உட்கார முடியாது.

கூடல்வாசி

மூன்று நாளில் இவ்வளவு வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை. மதுரையின் பிற அரங்குகளை இதனோடு வைத்துப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது.

மேலவெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. நூலகமும் பொது மண்டபமுமாகப் பயன்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் ரீகல் தியேட்டர் இயங்கியது. ஆங்கிலப் படங்களுக்குப் பெயர் பெற்றது. அது படத்துக்காகக் கட்டிய கட்டடம் அல்ல, படம் அங்கே குடியிருந்தது. அடுத்த கட்டம் சிந்தாமணி. 1937இல் வெளிவந்து ஓராண்டுக்கு மேல் ஓடிய 'சிந்தாமணி' படத்தின் வருவாயைக் கொண்டு கட்டி, அந்தப் படத்தின் பெயரையே வைத்த தியேட்டர் அது. அதுவும் இன்று இல்லை. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கழியும் முன்பே தங்கம். இரவல் கூடத்தில் தொடங்கி, படம் சம்பாதித்துக் கட்டிய சொந்தக் கூடத்துக்கு வந்து, மாவட்டத்தையே அழைத்து உட்கார வைக்கும் கூடமாக வளர்ந்த கதை, ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய தெருக்களுக்குள் நடந்திருக்கிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டியதும், சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் எலக்ட்ரிக் தியேட்டர் எழுந்ததும் இதற்கு முந்தைய தொடக்கங்கள்.

கணக்கன்

எல்லோரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். நான் திரைப்பட விநியோகத்தில் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியவனாகிறேன். இவ்வளவு பெரிய அரங்கத்தைப் பிற்காலத்தில் யாராலும் நடத்தியிருக்க முடியாது.

அந்த நாளில் ஒரு படத்துக்குப் பிரதிகள் குறைவு. மதுரையில் ஒரு தியேட்டரில் வெளியானால், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு அதே பிரதி மாதக்கணக்கில் கழித்துத்தான் போகும். பார்க்க ஆசைப்பட்டவர்கள் மதுரைக்கு வந்தே ஆக வேண்டும். 2,563 இருக்கைகள் நூறு நாள் நிறைந்ததற்கு அதுவே காரணம். பிறகு பிரதிகள் பெருகின. ஒவ்வொரு தாலுகாத் தலைநகரிலும் அதே நாளில் படம் வந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம், 1980களில் வீடியோ கேசட், 1990களில் கேபிள். மூன்று மாதத்தில் வந்து கொண்டிருந்த வருவாயை இரண்டு வாரத்தில் எடுத்துவிட வேண்டிய நிலை ஏற்பட்டது. அதற்குத் தேவை ஓர் ஊரில் பத்துச் சிறு அரங்குகள், ஒரு பெரிய அரங்கம் அல்ல. ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் 2,500 இருக்கைக் கூடத்தில் படம் பார்ப்பவனுக்கே மனம் சோர்ந்துவிடும். மின்கட்டணமும் ஆள்கூலியும் சொத்துவரியும் மட்டும் நிறைந்த அரங்கத்துக்கு உரியபடியே வரும். நகரின் நடுவில் அவ்வளவு நிலம் இருந்தால் வாரிசுகள் வேறு முடிவு எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இடித்தது குற்றம் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், இது கலைநயமிக்க கட்டடம் என்பதற்கும் யாரும் இங்கே சான்று காட்டவில்லை.

வடக்காவணி மூலவீதி

இடித்தது குற்றம் என்று இந்த இழையில் ஒருவரும் எழுதவில்லை, சார். நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி; அவற்றை ஒப்புக்கொள்கிறேன். அளக்காமல் இடித்தோம் என்பதுதான் என் வருத்தம். ஒரு பழைய மண்டபம் சரிந்தால் கல்வெட்டையாவது படியெடுத்து வைக்கிறோம். பல லட்சம் பேர் ஏறி இறங்கிய படிக்கட்டின் அகலத்தை நாடாவைப் பிடித்து எழுதி வைக்க அரை நாள் போதும்.

கலைநயம் பற்றிச் சொன்னீர்கள். அலங்காரத் தூணும் சிற்பமும் இருந்தால்தான் கட்டடக் கலை என்று நான் எண்ணவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேர், அவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளோடு, நெரிசலில் ஒருவரும் மிதிபடாமல் வீடு திரும்பும்படி வாசல் வைத்தவர் கட்டடக் கலைஞர்தான்.

கல்லும் சுண்ணாம்பும்

நானும் அம்மாவின் பக்கமே நிற்கிறேன். பயன்பாடு மாறினாலும் கட்டடம் நிற்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. எலக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகள்தான் படம் காட்டியது. பிறகு அஞ்சல் துறையின் கைக்குப் போய், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை விற்பனையகமாக இன்றும் இருக்கிறது. சிறிய கட்டடம் என்பதால் அது பிழைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ராக்ஸியோ தங்கமோ வேறு எதற்கும் உதவாத அளவுக்குப் பெரியவை. சாய்வான தரை, சன்னல் இல்லாத சுவர், நடுவில் தூணில்லாத உயரமான வெற்றிடம். அதைக் கிடங்காகக்கூட வசதியாகப் பயன்படுத்த முடியாது. ஒரே ஒரு வேலைக்காக அவ்வளவு துல்லியமாகக் கட்டியதுதான் அவற்றுக்கு எமனாக முடிந்தது. கணக்கன் சாரின் வாதத்தில் இந்தப் பகுதி வலுவானது.

ஆர்க் வெளிச்சம்

ஐந்நூறு பேர் இருக்கும் பெரிய கூடத்தில் மனம் சோர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குச் செவிவழிக் காரணமும் உண்டு. மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும். நிறைந்த அரங்கில் தெளிவாகக் கேட்கும் வசனம், காலி அரங்கில் எதிரொலித்துக் குழம்பும். கூட்டம் இல்லாத நாளில் ஒலியைக் குறைத்து வைப்போம். அப்படியும் வெற்று நாற்காலிகளில் பட்டு அது திரும்பி வரும். கேபினிலுள்ள சிறு ஒலிபெருக்கியைக் கேட்டே அன்றைக்கு உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. ஆனால் துளை வழியாகக் காதை வைத்தால் சொல்லிவிடலாம்.

கூடல்வாசி

இனிச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் திரையரங்கு நடத்த 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1957ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. அவற்றின்படி மாவட்ட ஆட்சியரிடம் 'சி' படிவ உரிமம் வாங்க வேண்டும். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொதுப்பணித் துறைப் பொறியாளரும், மின்னமைப்பு சரியாக இருக்கிறது என்று மின் ஆய்வாளரும் சான்று தர வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தச் சான்றுகள் தேவைப்படும். ஆகவே இருக்கை வரைபடம், வாசல்களின் எண்ணிக்கை, கேபினின் அமைப்பு ஆகியவை ஏதாவது ஒரு கோப்பில் இருந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்புவாரியாக வாசல் அகலம் என்ற கேள்வியையும் அதில் சேர்த்துவிட்டேன், அம்மா.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1950 முதல் 1990 வரை அந்த வீதியிலோ சுற்றிலுமோ எடுத்த குடும்பப் படங்கள் யாரிடமாவது இருந்தால், முன்னால் நிற்பவர்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். திருமண ஊர்வலம், புதிதாக வாங்கிய ஸ்கூட்டர், தேர்தல் கூட்டம், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு சன்னல், ஒரு கைப்பிடிச் சுவர், ஒரு கதவு தெரிந்தால் போதும். பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரத்தை வைத்துப் பொறியாளர் அளவு எடுத்துக் கொடுப்பார்.

கல்லும் சுண்ணாம்பும்

கட்டாயம் எடுத்துத் தருகிறேன். படத்தைக் கைப்பேசியில் சாய்த்து எடுக்காமல், நேராக வைத்துப் படியெடுத்து அனுப்புங்கள். ஸ்கூட்டர் தெரிந்தால் இன்னும் நல்லது. அதன் சக்கரத்தின் விட்டம் எனக்குத் தெரியும்.

மாடக்குளத்தான்

முதலில் நான் எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்ன ஆராய வேண்டும் என்று கேட்டிருந்தேன். என் பெரியப்பாவின் கல்யாண ஊர்வலம் ரயில் நிலையத்திலிருந்து அந்தப் பக்கமாகத்தான் வந்தது. ஆல்பம் பெரியம்மாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.